நாலந்தா வழியில் ஒரு வேளைச் சோறு

அயல்நாட்டுக்குப் புதிதாகச் சென்ற மாணவர் ஒருவர், அங்குள்ள உணவுச்சாலையில் முதன்முதலாக உண்ட கதையைச் சொல்லக் கேட்பது இன்பம் தருவது. பட்டியலில் உள்ள பெயர்கள் விளங்கா. பக்கத்து மேசைக்காரர் உண்பதைக் கையாற் சுட்டிக் காட்டுவார். வந்ததை உண்பதா விடுவதா என்று விழிப்பார். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து நகைப்பர். அந்த நகைப்புக்கு ஆதாரமாக இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, அவர் பையிற் பணம் இருக்கிறது. மற்றொன்று, பிடிக்காவிடின் வேறொரு கடைக்குப் போகலாம். இவ்விரண்டும் இல்லாமல் அயல்நாட்டின் முதற் சோற்றை உண்ட தமிழரும் இருந்தனர். அவர்கள் நடந்துபோன வழியில் உள்ள ஊர்களுள் ஒன்று நாலந்தா.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் இன்று நாலந்தாவைத் தேடி வருவோர் பெரும்பாலும் கெடிகே எனப்படும் கற்கோயிலைக் காண வருவோரே. பல்லவர் காலக் கட்டடக்கலையின் சாயல் கொண்ட இப் பௌத்தக் கட்டடம், மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிடாதிருக்க, கல்கல்லாகக் கழற்றப்பட்டு மேட்டு நிலத்தில் மீள அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த கலைமரபொன்று இம்மண்ணில் வேரூன்றியமைக்கு அது சான்றாக நிற்கிறது. அக்கோயிலுக்கு அண்மையிற் செல்லும் தெரு வழியே, 19ஆம் நூற்றாண்டில், அதே தென்னிந்தியாவிலிருந்து மனிதரும் வந்தனர். அவர்களுக்கு இங்கே கல்வெட்டுமில்லை, நடுகல்லுமில்லை.

1830களின் பின் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை முதலிய பகுதிகளின் வறிய உழவர்கள் கங்காணிகளின் பின்னே புறப்பட்டனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், வறண்ட காட்டினூடாக ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் பல இடங்களிற் கலங்கிய குளத்து நீர். வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. 1841 முதல் 1849 வரையான காலத்தில் இறந்தோர் 70,000 பேர் எனக் கொழும்பு ஒப்சேவர் இதழ் மதிப்பிட்டது. அது மிகையென ஆய்வாளர் சிலர் மறுப்பர். தொகை எதுவாயினும் அவ்வழி எலும்புகள் கிடந்த வழி என்பதை எவரும் மறுத்திலர்.

தம்புள்ளையைக் கடந்து தெற்கே வர நிலத்தின் தோற்றம் மாறுகிறது. முட்காடு குறைந்து மலைச்சாரல் தொடங்குகிறது. காற்றில் ஈரம் தெரிகிறது. ஓடும் நீரின் ஒலி கேட்கிறது. நாலந்தாவை அடைந்தவனுக்கு மாத்தளை தொலைவன்று. நாட்கணக்காக நடந்துவந்தவன் அங்கே மூட்டையை இறக்கி வைத்து, மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கி உலையேற்றும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அவனைப் பொறுத்தவரை வெளியில் உண்பது என்பது வெட்டவெளியில் உண்பதே. கூரையில்லை, இலையில்லை, உபசரிப்பாருமில்லை.

அந்த உலையிற் கொதித்தது என்ன? சொந்த ஊரிற் கேழ்வரகும் கம்பும் கூழாகக் குடித்துப் பழகியவனுக்கு இங்கே அரிசி கிடைத்தது. அது ஏற்றம் போலத் தோன்றியிருக்கும். ஆயின் அவ்வரிசி விருந்தாக வந்ததன்று. தோணிக் கூலியும் வழிச்செலவும் உண்ட அரிசியும் கங்காணியின் கணக்கில் அவன் பெயருக்கு எதிரே ஏறின. தோட்டத்திற் கால்வைக்கு முன்னரே அவன் கடனாளி. அங்கு சேர்ந்த பின்னரும் தோட்டம் கொடுத்த அரிசியின் விலை அவன் கூலியிற் கழிக்கப்பட்டது. அயல்நாட்டில் அவன் உண்ட முதற் சோற்றின் விலைப்பட்டியல் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் படிக்கும் கல்வி அவனுக்கு வாய்க்கவில்லை.

அவ்வரிசியின் வரலாறும் நோக்கத்தக்கது. கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்கான அரிசியிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தது. உண்பவனும் உணவும் ஒரே கடலைக் கடந்து வந்து அம்மலைச்சாரலிற் சந்தித்தனர்.

ஆயினும் எல்லாமே அந்நியமாயிருக்கவில்லை. சேனைகளில் விளைந்திருந்த குரக்கன் அவன் ஊர்க் கேழ்வரகே. பெயர் மட்டுமே வேறு. பலாமரம் அவன் அறிந்த மரமே. 'வத்துர' என்றால் தண்ணீர், 'பத்' என்றால் சோறு. அயல்மொழியில் மனிதன் முதலிற் கற்பவை பெரும்பாலும் இத்தகைய சொற்களே. பசியே அவனுக்கு முதல் ஆசான். தெருவோரத்து ஊரவரோ அவனைக் கண்டு ஒதுங்கி நின்றனர். அவனோடு நோயும் வருகிறது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவ்வச்சம் பொய்யுமன்று. விருந்தோம்பலை அறமெனப் போற்றும் இரு மக்கட் கூட்டத்தார் ஒரே தெருவில் எதிர்ப்பட்டும், ஒருவர்க்கொருவர் ஒரு வாய்ச் சோறு கொடுக்க இயலாதவாறு அந்த வழியும் அந்த வாணிகமும் அமைந்திருந்தன.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. மாத்தளைக்கு 1880இல் புகைவண்டி வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கியது. நடைவழி மறக்கப்பட்டது. நடந்துவந்தவரின் பேரர்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மீண்டும் அந்நியராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வாறு அனுப்பப்பட்டோர் பலர் தலைமன்னாரிற் கப்பலேறி, முன்னோர் விட்டுவந்த கரையில் இறங்கி, முகாம்களில் வரிசையில் நின்று உணவு பெற்றனர். பாட்டன் இங்கே அயலானாக உண்டான். பேரன் அங்கே அயலானாக உண்டான். எஞ்சியோர்க்கான குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

இன்று நாலந்தாத் தெருவிற் சுற்றுலாப் பயணிகளின் ஊர்திகள் ஓடுகின்றன. மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களிற் கறுவாவையும் ஏலத்தையும் முகர்ந்து பார்த்து, சோறும் பல கறிகளும் உண்டு, புதுச்சுவையை வியந்து செல்கின்றனர். அது நன்றே. கொழும்பு நகரத்து உணவுச்சாலைகளிலோ, மலையகத்திலிருந்து வந்த இளைஞர் பலர் பிறருக்குப் பரிமாறி நிற்கின்றனர். அவர்களும் அந்நகரத்துக்குப் புதியவர்களே.

ஒரு நாட்டின் பண்பை அறிய அதன் கோயில்களையும் நூல்களையும் பார்ப்பது வழக்கம். புதிதாக வந்த ஏழை ஒருவன் அங்கே தன் முதல் வேளைச் சோற்றை எவ்வாறு பெற்றான் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். விருந்தாகவா, விலைக்கா, கடனாகவா? நாலந்தா வழியே போனவர்களுக்கு அது கடனாகவே கிடைத்தது. அவர்கள் உழைப்பால் அக்கடன் பன்மடங்காகத் தீர்க்கப்பட்டுவிட்டது. அவர்களுக்குத் தீர்க்கவேண்டிய கடன்தான் இன்னும் இருக்கிறது.