அழிக்கவும் தெரிந்த டேபிள்

எத்தீரியம் செயினில் நடக்கும் டோக்கன் பரிமாற்றங்களை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. 12 விநாடிக்கு ஒரு பிளாக் வரும். வந்ததை டேபிளில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தால் போதும் என்றுதான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

எண்களில் முதல் அடி விழும். பெரும்பாலான டோக்கன்களுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் 18 இலக்கம். தொகை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வருவதால், பிக்இன்ட் ஒன்பதேகால் டோக்கனைக்கூடத் தாங்காது. 78 இலக்க நியூமெரிக் வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது.

தீராதது ரீஆர்க். செயினின் நுனியில் இருக்கும் பிளாக் நிலையானதல்ல. நெட்வொர்க் வேறொரு கிளையை ஏற்றுக்கொண்டால், நாம் எழுதிவைத்தது செயினில் இல்லாமலே போய்விடும். 2022 மே 25 அன்று எத்தீரியத்தின் பீக்கன் செயினில் ஏழு பிளாக்குகள் அப்படிக் கழன்றன. இன்றும் ஒரு பிளாக் அளவில் அவ்வப்போது நடக்கிறது. அந்த ஒன்றிலும் யாரோ ஒருவருடைய பணம் இருக்கும்.

அதனால் எழுதுவதற்கு முன் புதிய பிளாக்கின் பேரன்ட் ஹாஷை, டேபிளில் கடைசியாக உள்ள பிளாக்கின் ஹாஷோடு ஒப்பிடுகிறேன். பொருந்தாவிட்டால் பொருந்தும் இடம்வரை பின்னோக்கிப் போய், நடுவில் உள்ளதை நீக்குவதையும் புதிய கிளையை எழுதுவதையும் ஒரே கமிட்டில் முடிக்க வேண்டும். பிரைமரி கீயாகப் பிளாக் எண்ணை நம்ப முடியாது. ஒரே எண்ணில் இரண்டு பிளாக் வரலாம். பரிவர்த்தனை ஹாஷும் உதவாது. கழன்ற பிளாக்கில் இருந்த பரிவர்த்தனை அதே ஹாஷோடு வேறு பிளாக்கில் வந்து உட்காரும். பிளாக் ஹாஷும், பிளாக்கினுள் அந்தப் பதிவின் வரிசை எண்ணான லாக் இண்டெக்ஸும் சேர்ந்தால்தான் ஒரு வரிக்குச் சரியான அடையாளம்.

வரியை நீக்கினாலும் அதிலிருந்து பிறந்த கணக்கு நிற்கும். முகவரிவாரியாக இருப்பைக் கூட்டி வைத்திருந்தால், பரிமாற்றம் போன பிறகும் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். எர்ரர் வராது, லாகில் ஒன்றும் தெரியாது, ஒருவருடைய இருப்பு மட்டும் தப்பாகக் காட்டும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். எனவே இருப்பு டேபிளில் ஃபைனலைஸ் ஆன, அதாவது இனி மாறாது என்று நெட்வொர்க் உறுதிசெய்த பிளாக்குகளை மட்டுமே கூட்டுகிறேன். ஒரு பிளாக் அந்த நிலைக்கு வரக் கால் மணி நேரம்போல ஆகும். நுனிப் பகுதியைக் கேட்கும்போது கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இரவில் சில முகவரிகளை எடுத்து, ஃபைனலைஸ் ஆன ஒரு பிளாக்கில் அவற்றின் இருப்பு என்ன என்று நோடிடமே கேட்டு ஒப்பிடுவது வழக்கம். கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினாலும், அந்த முகவரியின் முதல் பரிமாற்றத்திலிருந்து பார்க்கத் தொடங்குவேன்.