ஒரு தாய் எத்தனை காலம் தனித்திருப்பாள்?

கணவனின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் எவ்வளவு காலம் அவ்வாறே தனித்திருக்கிறாள்? மேலைநாட்டுச் சமூகவியலாளர் இவ்வினாவுக்கு விடை தேடும்போது அவளது வயது, கல்வி, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பர். எமது வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் கணக்கு மட்டும் போதாது. இங்கு அக்காலத்தின் நீளத்தைப் பெரும்பாலும் பிறரே தீர்மானிக்கின்றனர்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அன்று இடுப்பிலிருந்த குழந்தை 2025இல் பதினாறு வயதைக் கடந்துவிட்டது. ஆனால் தாய்மார் பலர் இன்னமும் தனியாகவே இருக்கின்றனர். அவர்களுள் கணவன் இறந்ததை அறிந்தவரும் உளர். அவன் இருக்கிறானா இல்லையா என்றே அறியாதவரும் உளர்.

இரண்டாமவரின் நிலை மிகச் சிக்கலானது. ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பலர் அதனை ஏற்க மறுத்தனர். அதில் ஒப்பமிடுவது தேடலைத் தாமே முடித்துவைப்பதாகும் என அவர்கள் கருதினர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியவர்களும் இத்தகைய தாய்மாரே. 2016இல் காணாமைச் சான்றிதழ் அறிமுகமானது. ஆனால் அது கணவன் இல்லாமையை மட்டுமே கூறும், மணபந்தத்தை முடிக்காது. விவாகரத்துக் கோரலாமெனில், பொதுச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே: பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. கையளித்த இடத்திலோ வீட்டு வாசலிலோ கொண்டுசெல்லப்பட்டவன் மனைவியைக் கைவிட்டவன் அல்லனே!

விதவையென உறுதியானவருக்கும் வழி எளிதன்று. பத்திரிகைப் பணியில் மணமக்கள் விளம்பரங்களைப் பல்லாண்டுகள் பார்த்து வந்தவன் நான். தாரமிழந்தவர் தம் பிள்ளைகளைப் பராமரிக்கப் பெண் தேடுவர். அவர்களிற் சிலர் தேடும் பெண்ணோ 'பொறுப்புகளற்றவராக' இருக்கவேண்டும். பொறுப்பு என்பது அவள் பெற்ற பிள்ளை!

வீட்டில் பெண்பிள்ளை வளர்ந்தால், புதியவர் ஒருவர் வருவதைத் தாயே அஞ்சுவாள். ஆண்பிள்ளை வளர்ந்தால் அவன் தடுப்பான். அயலவர் அவளைத் தியாகி எனப் போற்றுவர். வாசலில் ஓர் ஆணின் சைக்கிள் நின்றால் அப்போற்றுதல் அன்று மாலையே மாறிவிடும். நாமோ வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சுகளையும் தையல் இயந்திரத்தையும் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டோம்.

மறுமணமே தீர்வு என்பது எனது வாதமன்று. தனித்திருப்பதையே விரும்புவோர் பலருளர். அவர்களின் முடிவு மதிக்கப்படவேண்டும். ஆனால் விருப்பத்தால் தனித்திருத்தல் வேறு, வேறு வழியின்றித் தனித்திருத்தல் வேறு. கணவனை இறந்தவனாக அறிவிக்காமலும், அவனுக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்கும் உரிமையை இழக்காமலும் மணபந்தத்திலிருந்து விடுபடுவதற்கு அப்பெண்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி வேண்டும். அதனைக் கோருவதற்கு எமது சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்கப் போகிறார்கள்?