பந்தும் பட்டமும்

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவனுக்குக் கால்பந்து மைதானத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். இங்கே விளையாட்டைப் பற்றிய பேச்சு கடைசியில் வேலையில்தான் வந்து முடியும். மகன் பந்தாடுகிறான் என்றால், "இதுல வேல கெடைக்குமா?" என்று எந்தத் தகப்பனும் கேட்பார். அந்தக் கேள்விதான் என்னையும் மைதானத்தின் பக்கம் இழுத்தது.

அதற்குச் சென்னையில் நெடுங்காலம் ஒரு விடை இருந்தது. வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. இந்தியன் வங்கிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய சபீர் பாஷா, பின்னர் அதே வங்கி அணிக்குப் பயிற்றுநரானார். 2018இல் சென்னையின் எஃப்.சி. இரண்டாம் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அவர் அதன் துணைப் பயிற்றுநர். 2022 பிப்ரவரியில் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநர்.

எல்லோருக்கும் அந்த வழி வாய்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு நிறுவன அணியில் பல ஆண்டுகள் ஆடியவர், இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் பயிற்றுநராக இருந்தார். மாணவர்களுக்கு அவர் 'கோச் சார்'. அலுவலகத்துக்கு, போட்டி மாதங்களில் மட்டும் தொகுப்பூதியம் பெறுபவர். "பந்து வந்தப்புறம் யோசிக்காதடா தம்பி, வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பாத்துக்கோ" என்பார். ஒரு பருவம் முழுக்க இந்த ஒன்றையே சொல்லிக்கொடுத்தார். எந்தப் பாடநூலிலிருந்தும் அவர் பெற்றதல்ல அது. முழங்கால் தேயத் தேயக் கற்றது.

அவர் ஏன் நிரந்தரமாகவில்லை? கல்லூரிகளில் உள்ள பதவி உடற்கல்வி இயக்குநர் பதவி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் அதற்கு உடற்கல்வியில் முதுகலையும் நெட் போன்ற தகுதித் தேர்வும் கேட்டன. ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு தனி வாசலும் வைத்தன: ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த் விளையாட்டிலோ பதக்கமும், கூடவே ஒரு முதுகலைப் பட்டமும். காமன்வெல்த் விளையாட்டில் கால்பந்தே கிடையாது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் பதக்கம் பெற்றது 1970இல், பாங்காக்கில் வென்ற வெண்கலம். ஆக, அரை நூற்றாண்டுக்கும் மேலாக எந்தக் கால்பந்து வீரரும் நுழைய முடியாத வாசல் அது.

உடற்கல்வி இயக்குநர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தடகளம் முதல் கேரம் வரை எல்லா விளையாட்டையும் கோப்புகளையும் ஒற்றை ஆளாகச் சுமப்பவர்கள் அவர்கள். அவர்களருகில் ஒரு விளையாட்டை மட்டும் ஆழமாக அறிந்தவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் காலெப் போர்ட்டர் என்பவர் காயத்தால் தொழில்முறை ஆட்டத்தை விட்டு, ஆக்ரன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுநரானார். 2010இல் அந்த அணி கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. அங்கே அது ஒரு முழுநேர உத்தியோகம்.

நம் மரபிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டிகளே நடத்தியவர். வகுப்பறையும் மைதானமும் அவரிடம் ஒன்றாக இருந்தன. பின்னர் நாம்தான் அவற்றைப் பிரித்து, ஒன்றுக்கு ஊதிய விகிதமும் மற்றொன்றுக்குத் தொகுப்பூதியமும் வகுத்தோம்.

நான் சொல்லும் நண்பர் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை. அவரிடம் பயின்ற பையன்கள் ஆடும்போது மட்டும், பந்து வருமுன் ஒருமுறை தலை திருப்பிப் பார்க்கிறார்கள்.