ஆச்சியும் பதினாலு டைல்ஸும்

சிவில் இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிற பையன் இருக்கிற வீட்டுல, பாத்ரூம் சுவத்துல இருந்து டைல்ஸ் விழுந்தா என்ன சொல்லுவாங்க? "அதான் வீட்டுலயே இஞ்சினியர் இருக்கானே"ன்னு சொல்லுவாங்க. சொன்னாங்க. அவ்வ்வ்வ்...

மக்களே, ஒரு பீம்ல எத்தனை கம்பி போடணும்னு கேளுங்க, முக்கி முனகி கணக்கு போட்டுடுவேன். ஆனா கரண்டியைக் கையில பிடிச்சதே கிடையாது. எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான் :-)

சரி, மேட்டருக்கு வரேன். செமஸ்டர் லீவுக்குப் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் குளிக்கப் போனா, வாளிக்குப் பின்னாடி ஒரு டைல்ஸ் சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கு. கழுவித் துடைச்சு, சுத்தமா. நிமிர்ந்து பார்த்தா ஷவர் குழாய்க்குப் பக்கத்துல, இடுப்பு உயரத்துல, 8க்கு 12 இஞ்ச் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பொக்கை.

"இதை யாரு எடுத்து வச்சது?"ன்னு சத்தம் போட்டேன்.

"நான்தான்யா"ன்னு ஆச்சி குரல் வந்துச்சு. "விழுந்து மூணு நாளாச்சு. உங்கப்பன்கிட்ட சொன்னா செலவும்பான். நீ வரட்டும்னு இருந்தேன். நீ அதுக்குத்தான படிக்க?"

இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ண முடியும்? கடைக்குப் போய் ஒரு கிலோ ஒயிட் சிமெண்ட் வாங்கினேன். கஞ்சி மாதிரி கரைச்சேன். டைல்ஸ் முதுகுல நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணுன்னு அப்பி, பொக்கையில வச்சு அமுக்கி, துடைப்பக் கட்டையை முட்டுக் குடுத்தேன். மறுநாள் பார்த்தா சூப்பரா நிக்குது. அம்மாகிட்ட பீத்திக்கிட்டேன். மூணாம் நாள் விடியக்காலைல 'சடார்'னு சத்தம். டைல்ஸ் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. நல்லவேளை, உள்ள யாரும் இல்ல. உடைஞ்ச டைல்ஸ் விளிம்பு கண்ணாடி மாதிரி. ஆச்சி அங்க முக்காலி போட்டு உட்கார்ந்துதான் குளிக்கும். அதை நெனச்சதும் பீத்தினதெல்லாம் இறங்கிப் போச்சு.

அப்புறம்தான் அப்பா, தெரிஞ்ச டைல்ஸ் அண்ணாச்சி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. நான் கத்துக்கிட்டது எல்லாம் அந்த ரெண்டு நாள்லதான்.

அண்ணாச்சி முதல்ல பொக்கையைப் பார்க்கவே இல்ல. உடைஞ்ச டைல்ஸைத் திருப்பிப் பார்த்தாரு. விழுந்த டைல்ஸோட முதுகைப் பார்த்தாலே ஏன் விழுந்துச்சுன்னு பாதி தெரிஞ்சிடுமாம். சிமெண்ட் டைல்ஸோட சேர்ந்து வந்து, சுவர் மொழுக்குன்னு இருந்தா பூச்சு மேல தப்பு. அதாவது பூச்சைக் கொத்தி விடாம அப்படியே ஒட்டியிருக்காங்க. சிமெண்ட் சுவத்துலயே நின்னு, டைல்ஸ் முதுகு புதுசு மாதிரி சுத்தமா இருந்தா ஒட்டினதுல தப்பு. சுவத்துக்குப் போடுற சாதா செராமிக் டைல்ஸ் தண்ணி குடிக்கும். தன் எடையில 10 சதவீதத்துக்கும் மேல கூட குடிக்கும். அதைத் தண்ணியில ஊறப் போடாம காய்ஞ்சபடி சிமெண்ட்ல ஒட்டினா, சிமெண்ட்ல இருக்கிற ஈரத்தை டைல்ஸ் உறிஞ்சிடும். ஈரம் போனா சிமெண்ட் இறுகறதுக்கு வழியே இல்ல, வெறும் மாவாத்தான் நிக்கும். (நான் பண்ணின ஒயிட் சிமெண்ட் காமெடியிலயும் இதேதான். பத்தாததுக்குப் பழைய தூசியைக் கூட தட்டல.) விட்ரிஃபைட் டைல்ஸ்னா கதை நேர் எதிர். அது அரை சதவீதம் கூட தண்ணி குடிக்காது, அதனால வெறும் சிமெண்ட் பால் அதுல பிடிக்கவே பிடிக்காது.

எங்க வீட்டு டைல்ஸ் முதுகு சுத்தமா இருந்துச்சு. அதுல அஞ்சே அஞ்சு சிமெண்ட் உருண்டைத் தடம். மூலை எல்லாம் காலி.

"ஊற வைக்காமலே ஒட்டியிருக்கானுவ. உருண்டை வச்சு அமுக்கியிருக்கானுவ"ன்னாரு அண்ணாச்சி.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான்தான் அவசரப்படுத்தினேன். பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு. ராத்திரி லைட் போட்டு ஒட்டினாங்க"ன்னாரு. 2004ல கட்டின வீடு. லோன் போட்டு, லீவு போட்டு, பக்கத்துலயே நின்னு கட்டினாரு. இருபது வருஷம் கழிச்சு அந்த ஒரு ராத்திரி வேலை வெளிய வந்திருக்கு.

இருபது வருஷம் எப்படி நின்னுச்சுன்னு கேட்டேன். டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற கோட்டுல அடைச்சதுதான் இத்தனை நாள் காப்பாத்திச்சாம். அது தேய்ஞ்சு கீறல் விட்டதும் தண்ணி பின்னாடி போயிடுது. பின்னாடி காலியா இருந்தா அங்கயே தங்குது. வெந்நீர் பட்டா டைல்ஸ் விரியும், ஆறினா சுருங்கும். தினமும் இதே வேலை. ஒருநாள் விட்டுடுது. ஆக, விழுற நாள்ல விழுறது இல்ல மக்களே, என்னைக்கோ கழண்டது அன்னைக்கு விழுது, அவ்வளவுதான்.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை வச்சாரு. சுவத்துக்குள்ள போற பைப் கசிஞ்சா என்ன ஒட்டினாலும் நிக்காது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, மாடித் தொட்டியில குச்சி விட்டுத் தண்ணியை அளந்து வைக்கணும். காலையில யாரும் குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடி திரும்ப அளக்கணும். குறையலைன்னா சரி. ஆனா குழாய்க்கு மேல ஷவர் வரைக்கும் போற பைப்புல, ஷவரைத் திறந்தாத்தான் தண்ணி ஏறும். அதனால ஷவர் தலையைக் கழட்டி அடைப்பு போட்டு, குழாயைத் திறந்து விட்டும் பார்த்தோம். கசிவு இல்ல. அப்பாடா.

அடுத்தது தட்டுறது. ஒரு ரூபாய்க் காசை வச்சு ஒவ்வொரு டைல்ஸா நடுவுலயும் மூலையிலயும் தட்டணும். நல்லா ஒட்டியிருந்தா கெட்டியா 'டிக் டிக்'. பின்னாடி காலியா இருந்தா 'டொக் டொக்'. நான் தட்டினேன். எனக்கு எல்லாமே ஒரே சத்தம்! வாசல்ல நின்னு பார்த்துட்டிருந்த ஆச்சி, "தள்ளுல"ன்னு உள்ள வந்துச்சு. விரல் முட்டியால தட்டி, "இது கெட்டி, இது பொய், இது பொய்..."ன்னு சொல்லிட்டே போகுது. அண்ணாச்சி பின்னாடியே காசு வச்சுத் தட்டிப் பார்க்குறாரு, எல்லாம் சரியா இருக்கு. "பானை வாங்குனவளுக்குத் தெரியாதா"ன்னுச்சு. மொத்தம் பதினாலு. பென்சில்ல பெருக்கல் குறி போட்டேன். கொத்துறதுக்கு முன்னாடி ஹீட்டர் மெயினை அணைச்சோம்.

ஓரத்துக் கோட்டைக் கீறி, உளியை மெதுவா விட்டதும் பாதிக்கு மேல முழுசா வந்துடுச்சு. மூணு உடைஞ்சுது, என் கைங்கரியத்துல ஏற்கனவே ஒண்ணு. பரண்ல மிச்சம் ரெண்டுதான் கிடந்துச்சு. அதே டிசைன் கடையில கிடைக்கல, கிடைக்கவும் செய்யாது. வீடு கட்டும்போது ஒரு பெட்டி கூடுதலா வாங்கி வச்சிடுங்கன்னு ஏன் சொல்றாங்கன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. பத்தாத ரெண்டுக்கு ஆகாய நீலத்துல வாங்கினோம். ஒட்டுப் போட்ட சட்டை மாதிரிதான் இருக்கு. பரவால்ல.

இந்தத் தடவை சிமெண்ட் இல்ல, டைல்ஸ் ஒட்டுற பசைப் பவுடர். மூட்டையில ஐ.எஸ். 15477ன்னு போட்டிருக்கான்னு பார்க்கச் சொன்னாரு. குளிக்கிற இடத்துக்கு ஆகுமான்னும் படிக்கணும். கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பக் கலக்கணும். பல் வச்ச கரண்டியால சுவர் முழுக்கக் கோடு கோடா இழுத்து, டைல்ஸை வச்சு லேசா அசைச்சு அமுக்கணும். முதல் டைல்ஸை ஒட்டின கையோட அண்ணாச்சி திரும்பப் பிடுங்கிப் பார்த்தாரு. முதுகு முழுக்கப் பசை. "இப்படி இருக்கணும்"னு எனக்குக் காட்டிட்டு திரும்ப வச்சாரு. உருண்டை வைக்கிற பேச்சே கிடையாது. மறுநாள்தான் கோடு அடைச்சோம். சுவரும் சுவரும் சேர்ற மூலையில மட்டும் சிலிக்கான். அந்த இடம் அசையும், சிமெண்ட் சாந்து அடைச்சா கீறிடும்.

இதுக்கு நடுவுலதான், டீ குடிக்கும்போது ஆச்சி மெதுவா கேட்டுச்சு: "அந்த எடத்துல ஒரு கம்பி மாதிரி வச்சுக் குடுக்க முடியுமாய்யா?"

"எதுக்கு?"

"முக்காலியில இருந்து எந்திரிக்க அங்கதான் கை ஊணுவேன். அன்னைக்கு ஊணுனேன், கையோட வந்துட்டு."

யாரும் எதுவும் பேசல. ஆச்சிக்கு 79 வயசு. எவ்வளவு நாளா சுவத்தைப் பிடிச்சு எந்திரிக்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. டைல்ஸ் கையோட வந்தப்போ எதைப் பிடிச்சு நின்னுச்சுன்னு கேட்டேன். "வாளிய"ன்னுச்சு. வாளியாம்! அதுக்கு அப்புறமும் அந்த டைல்ஸைக் கழுவித் துடைச்சு, செலவு வந்துடுமேன்னு மூணு நாள் வாயைத் திறக்கல.

அப்பா எந்திரிச்சுப் போய் ஒன்றரை அடியில ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வாங்கிட்டு வந்தாரு. சுவர் திறந்திருக்கும்போதே பைப் எங்க போகுதுன்னு அளந்து எழுதி வச்சுக்கிட்டோம். பசை நல்லா இறுகட்டும்னு மூணு நாள் விட்டுதான் துளை போட்டோம். டைல்ஸைத் தாண்டுற வரைக்கும் சுத்தியல் அடி இல்லாம டிரில்லைச் சுத்த மட்டும் விடணும், அப்புறம் செங்கல்லுக்குள்ள ஆழமா. கைப்பிடி டைல்ஸை நம்பி நிக்கக் கூடாது, செங்கல்லை நம்பி நிக்கணும். மாட்டினதும் அப்பா தன் முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாரு. அசையல. அப்புறம்தான் ஆச்சியைக் கூப்பிட்டோம்.

கூலி, சாமான், கைப்பிடி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

இன்னைக்கு உங்க வீட்டுக் குளியலறையில ஒரு காசை எடுத்துத் தட்டிப் பாருங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா, எதைப் பிடிச்சு எந்திரிக்கிறாங்கன்னு அப்படியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.

டிஸ்கி: அந்த நீல டைல்ஸ்ல ஒண்ணு நான் ஒட்டினது. ஆச்சி தட்டிப் பார்த்து "கெட்டி"ன்னு சொல்லிடுச்சு. செமஸ்டர்ல என்ன மார்க் வந்தா என்ன, போங்க :-)