திரைக்கு முதுகு, சபைக்கு முகம்

பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது பிரசன்டேசன் காலம். கம்பஸ் பிள்ளைகள் பழகுகிறார்கள். பழகுவது என்றால், திரையைப் பார்த்து ஸ்லைடை வாசிப்பது. எங்களுக்குத் தெரிவது முதுகுதான். ஒரு ஸ்லைடில் 12 வரி என்றால் அதை நோட்டீசாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே!

அவர்களுக்கு விபுலாநந்த அடிகளைத்தான் சொல்வேன். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியை ஒருகாலத்தில் நடத்தியவர். 1947 ஜூனில், தஞ்சைப் பக்கம் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியது. வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியத்தைப் பற்றிய, கணக்கு நிறைந்த ஆராய்ச்சி. வெறும் பேச்சென்றால் எத்தனை பேருக்கு ஏறியிருக்கும்? அவர் ஆராய்ச்சிப்படி செய்த யாழ்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டிக் காட்டினார். சபை கண்டது, கேட்டது.

ஆகவே பிள்ளைகள், ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் போதும். காட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கோ. பிறகு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ. கையைப் பொக்கற்றிலிருந்து வெளியே எடுங்கோ. நடுங்கினால் நடுங்கட்டும், பின்வரிசைக்குத் தெரியாது. நாளைக்குப் பேசப் போறவர்கள் இன்றிரவு லப்டொப்பை மூடிவைத்து ஒருதரம் சொல்லிப் பாருங்கோ.