ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் பேசுவதை ஒட்டுக்கேட்காதவர் யாராவது உண்டா? "ம்... சரி... அதை ஏன் அவகிட்ட சொன்னே?" என்று ஒரு பக்கம் மட்டும் காதில் விழும். மறுபக்கத்தை மண்டையே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்ளும். மனிதர்களின் இந்தக் குணத்தை வைத்தே ஒரு விளையாட்டைச் செய்திருக்கிறார் இங்கிலாந்துக்காரர் சாம் பார்லோ. பெயர் 'டெல்லிங் லைஸ்'. 2019-ல் வந்தது.

விளையாட்டு என்றதும் துப்பாக்கி, கார் ரேஸ் என்று நினைக்க வேண்டாம். திரையில் ஒரு லேப்டாப். அதற்குள் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விடமிருந்து திருடிய வீடியோக்கள். இரண்டு வருடக் காலத்தில் நான்கு பேர் போனிலும் கம்ப்யூட்டரிலும் பேசியவை. ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் வீடியோக்கள் கிடைக்கும், ஆனால் அதிகபட்சம் ஐந்துதான். அதுவும் அந்தச் சொல் பேசப்படும் இடத்திலிருந்து, நட்ட நடுவில் ஓட ஆரம்பிக்கும். அதைவிடக் குசும்பு, ஒவ்வொரு வீடியோவிலும் ஒருவர் பேசுவது மட்டுமே கேட்கும். எதிர்முனையின் பதில் வேறொரு வீடியோவில் கிடக்கும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

(இனிமேல் விளையாடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்!) டேவிட்டுக்கு எம்மா என்ற மனைவி, ஒரு சின்ன மகள். அவன் எஃப்.பி.ஐ. ஆள். பொய்ப் பெயரில் சுற்றுச்சூழல் போராளிகளுக்குள் நுழைந்து, அங்கே ஏவா என்ற பெண்ணுடன் காதலாகிறான். இது போதாதென்று இணையக் காமிராவில் இன்னொரு பெண்.

2016-ல் பாவ்லோ ஜெனோவேஸே எடுத்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில், நண்பர்கள் சாப்பாட்டு மேஜையில் போன்களை வைத்துவிட்டு, வருகிற ஒவ்வொரு மெசேஜையும் எல்லோருக்கும் காட்டுவார்கள். தமிழில் 2022-ல் வந்த 'லவ் டுடே'யில் காதலர்கள் போனை மாற்றிக்கொள்வார்கள். இரண்டிலும் பார்ப்பவருக்கு நாற்காலி உண்டு. குற்றம் திரையில் இருப்பவர்களுடையது. பார்லோவின் விளையாட்டில் அந்த வசதி இல்லை. அடுத்தவர் படுக்கையறையைத் திறப்பது ஆடுபவரின் விரல்.

அந்த விரல் எதைத் தட்டுகிறதோ அதுதான் கிடைக்கும். 'பொய்' என்று தேடினால் புளுகன் வருவான். மகள் பெயரைத் தேடினால் பாசமுள்ள அப்பா வருவான். இரண்டும் ஒரே ஆள்தான். நடுராத்திரியில் துணையின் போனைத் திறப்பவருக்கும் நடப்பது இதுவே. சந்தேகம் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. போன் அதற்கேற்ற ஐந்தைக் காட்டுகிறது.

அப்படியானால் சந்தேகமே தப்பா? அதுவும் இல்லை. போராட்டக் குழுக்களில் வேஷம் போட்ட போலீஸ்காரர்களை நம்பி வருடக்கணக்கில் உறவில் இருந்த ஏழு பெண்களிடம் லண்டன் போலீஸ் 2015-ல் மன்னிப்புக் கேட்டது. சந்தேகப்படக் காரணம் நிஜமாகவே இருந்த வாழ்க்கைகள் அவை.

எங்கே, எப்போது, யாரோடு என்பதையெல்லாம் போன் சொல்லிவிடும். 'ஏன்' என்பதற்கு மட்டும் அதில் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை எதிரில் இருக்கும் ஆளிடம்தான் கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது என்பதால்தானே பலரும் போனைத் திறக்கிறார்கள்?