வெறும் வாயு மாத்திரை!

எனக்கு வயது 31. மூட்டுவாதக்காரன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அது எங்க பாட்டிக்கு வர்ற வியாதியாச்சே!" என்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்புவரை நானும் அந்தக் கட்சிதான்.

காலையில் கண் விழித்தால் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை இருக்கும். குனிந்து செருப்பு மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும். வேடிக்கை என்னவென்றால், நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதாவது, ஓய்வெடுத்தால் வலி, வேலை செய்தால் சுகம். அரசு ஊழியனுக்கு வரக்கூடாத வியாதி!

ஆபீஸில் ஆளுக்கொரு தீர்ப்பு. "பைக்கை மாத்துங்க" என்றார் டெஸ்பாட்ச் நண்பர். "நாற்காலியை மாத்தச் சொல்லி மனு கொடுப்போம்" என்றார் யூனியன்காரர். "புது மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி சகஜம்ப்பா" என்று கண் சிமிட்டினார் ஹெட் கிளார்க்.

வாத நோய் டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்" என்றார். முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் பிடிக்கிற வாதம். பெரும்பாலும் இளவயதிலேயே ஆரம்பிக்குமாம்.

சீட்டில் மூன்று விஷயம் எழுதினார். நாப்ராக்ஸன் 500 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு. பான்டோப்ரஸோல், காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. மூன்றாவது, தினமும் உடற்பயிற்சி.

நாலாவது நாள் நான் புது மனுஷன். சைதாப்பேட்டையில் ஓடிப்போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன, மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வலிதான் இல்லையே, உடற்பயிற்சி எதற்கு? நிறுத்தினேன். பான்டோப்ரஸோல் எதற்கு? அது வெறும் வாயு மாத்திரை. எனக்குத்தான் வாயுவே கிடையாதே! மாதச் செலவில் ஒன்று மிச்சம். காலை டிபனுக்கு நேரமில்லாத நாட்களில் நாப்ராக்ஸனை டீயும் ஒரு பிஸ்கட்டும் துணைக்கு வைத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் ஓடியது. கடைவாய்ப் பல் வலி வந்தது. மருந்துக் கடையில் கேட்டேன், பட்டையாக எடுத்துக் கொடுத்தார். இபுப்ரூஃபன். ஐந்து நாள் சாப்பிட்டேன். அது பல்லுக்கு, இது இடுப்புக்கு. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பே இல்லை என்று நம்பியவன் நான்!

பிறகு நடந்ததைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. "என்ன கீரை வாங்கினே?" என்று மனைவியிடம் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் ஆபீஸ் மாடிப்படியில் பாதி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டை நனைய வேர்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹெட் கிளார்க் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஹீமோகுளோபின் 6.4. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்தம் கொடுத்தது யார் தெரியுமா? நாலு வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத ஹெட் கிளார்க்கும் யூனியன்காரரும். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்!

டாக்டர் கேட்டார்: "வயிறு வலிச்சுதா?"

"இல்லையே டாக்டர்."

"பல பேருக்கு வலிக்காது. வலியை அமுக்கத்தானே மாத்திரை சாப்பிட்டீங்க?"

அப்புறம் பாடம் நடத்தினார். புராஸ்டாகிளாண்டின் என்று உடம்பில் ஒன்று இருக்கிறது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் அதுதான். வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதுதான். மாத்திரை அதன் உற்பத்தியையே குறைக்கிறது. வீட்டுக்குள் சத்தம் போடுகிறவனும் வாசலில் காவல் நிற்கிறவனும் ஒரே ஆள் என்றால், அவனைத் துரத்தினால் என்ன ஆகும்? ஆஸ்பிரின் வகை மருந்துகளின் இந்த ரகசியத்தை 1971-ல் சொன்ன ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்ததாம். எனக்கு அது வார்டு கட்டிலில்தான் தெரிந்தது.

"அப்போ சாப்பாட்டுக்குப் பிறகு போட்டா போதாதா?"

"எரிச்சல் குறையும். ஆனா மருந்து ரத்தத்துல கலந்துல்ல வேலை செய்யுது? ஊசியாப் போட்டாலும் வயித்துக்கு ஆபத்து உண்டு. அதுக்குத்தான் அந்த 'வெறும் வாயு மாத்திரை' காவலுக்கு நின்னுது. அதையும் அனுப்பிட்டு, ஒரே ஜாதி மருந்து இன்னொண்ணையும் உள்ளே விட்டுட்டீங்க."

கிட்னி பற்றியும் ஒரு கதை சொன்னார். மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மந்தை மந்தையாக மடிந்தன. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். "நீங்க கழுகு இல்லை, சரியான அளவைத் தாங்குவீங்க. ஆனா வாந்தி பேதியில உடம்பு வத்திப்போன நேரத்துலயும், சில பிரஷர் மாத்திரைகளோட சேரும்போதும் நம்ம கிட்னிக்கும் ஆபத்துதான்" என்றார்.

வயிறு ஆறிய பிறகு வேறு மாத்திரை கொடுத்தார். தேவைப்படும் அளவில் குறைந்தது, கூடவே காவல்காரர். அவ்வப்போது பிரஷர், கிரியாட்டினின் பரிசோதனை. காய்ச்சல், தலைவலி என்றால் அளவோடு பாராசிட்டமால் மட்டும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், "நான் இந்த மாத்திரை சாப்பிடறேன்" என்பதுதான் என் முதல் வசனம். காலையில் அரை மணி உடற்பயிற்சியும் உண்டு. இந்த வியாதிக்கு அது பாதி வைத்தியம்.

மருந்துப் பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். அதே பட்டையில் மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். கம்பெனி வைத்த பெயர் வேறு வேறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஆசாமி ஒருவராகவே இருக்கலாம். இப்போதெல்லாம் லென்ஸ் வைத்துப் படிக்கிறேன்.

நேற்று மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் ஜாதகத்தைக்கூட நீங்க இவ்வளவு கவனமாப் பார்க்கலையேங்க!"

பதில் சொல்லவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது.